சேலத்திலிருந்து குடும்பத்தோடு டைவ் படகுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலே இல்லாத ஊரில், அஸ்தம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கடியில் போகிற பேச்சைப் பேசினால் சிரிப்பார்கள்தான். சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது தனியாகக் கூப்பிட்டு விவரம் கேட்கிறார்கள். போன ஏப்ரலில் நாங்கள் ஒன்பது பேர், பத்து வயது தம்பி மகள் முதல் எழுபத்தொரு வயது பெரியப்பா வரை, மாலத்தீவில் ஒரே படகில் ஏழு இரவு தங்கிவிட்டு வந்தோம். அதற்கு முந்தைய பயணம் சொதப்பலானது. அந்தக் கதையும் கீழே இருக்கிறது. ஒன்பது பேரில் ஆறு பேர் டைவ் செய்கிறவர்கள், அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துகிறவர்கள். அம்மா, பெரியப்பா, பெரியம்மா மூவரும் தண்ணீருக்கு மேலே.

லிவ்அபோர்ட் என்றால் என்ன? ஆலப்புழை படகு வீடு மாதிரியா?

தங்குவது, சாப்பிடுவது எல்லாம் படகில் என்கிற வரை அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், இது டைவ் செய்கிறவர்களுக்காகவே ஓடுகிற படகு. கரையில் தங்கி தினமும் போய்வர முடியாத தூரத்துப் பவளத்திட்டுகளுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் நிறுத்தும். காலை ஆறு மணிக்கு மணி அடிப்பார்கள். ஒரு டைவ், சிற்றுண்டி, இன்னொரு டைவ், மதியச் சாப்பாடு, மூன்றாவது டைவ். சில நாள் இருட்டிய பிறகும் ஒன்று. மாலத்தீவில் இதை சஃபாரி போட் என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் கூட்டத்துக்கு இது ஒத்து வருமா?

முதலில் தலையை எண்ணுங்கள். டைவ் செய்கிறவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். ஒன்பதில் இரண்டு பேர்தான் என்றால் படகை மறந்துவிடுங்கள். மாலத்தீவின் மாஃபுஷி, திகுரா போன்ற தீவுகளில் சாதாரண விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. டைவ் செய்கிறவர்கள் காலையில் போய்விட்டு மதியம் வந்துவிடலாம். மற்றவர்கள் மணலில் காலாற நடக்கலாம். படகில் நடக்க இடம் கிடையாது. கடைசியிலிருந்து முனை வரை முப்பது, நாற்பது அடி எடுத்து வைத்தால் முடிந்தது. தினமும் காலையில் அண்ணா பூங்காவைச் சுற்றி வந்தே ஆக வேண்டும் என்கிற ஆளுக்கு மூன்றாம் நாள் எரிச்சல் வந்துவிடும். எங்கள் பெரியம்மாவுக்கு வந்தது. நான்காம் நாள் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் முகம் தெளிந்தது.

அடுத்த கேள்வி இதைவிட முக்கியம்: எல்லோரும் தண்ணீருக்குள் இருக்கும் ஒரு மணி நேரம், டைவ் செய்யாத சின்னப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? படகு ஊழியர்கள் அன்பானவர்கள்தான், அதற்காகப் பிள்ளை பார்க்க வந்தவர்கள் கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் இறங்க முடியாது என்பதை ஒத்துக்கொண்டுதான் பணம் கட்ட வேண்டும்.

பிள்ளைகள் எந்த வயதில் டைவ் செய்யலாம்?

பெரும்பாலான டைவ் பள்ளிகள் பின்பற்றும் பி.ஏ.டி.ஐ. என்ற டைவ் பயிற்சி அமைப்பின் கணக்கைச் சொல்கிறேன். பத்து வயதில் ஜூனியர் ஓப்பன் வாட்டர் என்ற பிள்ளைகளுக்கான அடிப்படை டைவ் சான்றிதழ் வாங்கலாம். பத்து, பதினோரு வயதுப் பிள்ளை 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழ் உள்ள பெற்றோரோ, காப்பாளரோ, அல்லது பயிற்றுநரோ கூடவே இருக்க வேண்டும். 12 முதல் 14 வரை 18 மீட்டர், சான்றிதழ் உள்ள பெரியவர் ஒருவர் துணையோடு. 15 ஆனால் பெரியவர்கள் கணக்கு. எட்டு வயதுப் பிள்ளைக்கு நீச்சல் குளத்தில் 2 மீட்டர் ஆழத்துக்குள் ருசி காட்டும் வகுப்பு உண்டு, அவ்வளவுதான்.

இது சான்றிதழின் விதி. படகுக்காரர் தன் பங்குக்கு ஒரு வயது வரம்பு வைத்திருப்பார். பன்னிரண்டுக்குக் கீழே ஏற்ற மாட்டோம் என்பவர்களும் உண்டு, ஆகவே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: பத்து வயதுப் பிள்ளையோடு எல்லோரும் ஒரே குழுவாக இறங்கினால், அத்தனை பேருக்கும் எல்லை 12 மீட்டர்தான். எங்கள் படகில் தம்பி தன் மகளோடு தனி வழிகாட்டியை வைத்து ஆழமில்லாத திட்டுகளில் இறங்கினான். நாங்கள் மற்ற குழுவோடு போனோம். மறுநாள் அவனுக்குப் பதில் தம்பி மனைவி. கூடுதல் வழிகாட்டிக்குத் தனிக் காசுதான், கொடுத்த காசுகளிலேயே உருப்படியான காசு அது.

பிள்ளைக்குக் காது வலிக்குமே?

வலிக்க விடக் கூடாது. ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது பத்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டினால் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறக்கும், இல்லையா? அதே சங்கதிதான். ஆனால் அளவைப் பாருங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் முன்னூறுக்குள். இருபது வளைவும் இறங்கி முடிக்கும்போது கூடுகிற காற்றழுத்தம், தண்ணீரில் ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் இறங்குவதற்குச் சமம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆவது தண்ணீரில் இரண்டு நொடியில் நடந்துவிடுகிறது. பத்து மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு.

அதனால் டைவில் காது அடைத்த பிறகு திறப்பது என்ற பேச்சே இல்லை. அடைப்பதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு அரை மீட்டருக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதிச் சமப்படுத்த வேண்டும். தம்பி மகளை மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு கூட்டிப்போய், இறங்குகிற வழியெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னோம். பன்னிரண்டாவது வளைவில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "பாப்பாவுக்கு என்னங்க ஆச்சு?" என்றார். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. சளி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். மருந்தின் வேகம் பாதியில் குறைந்தால் மேலே வரும்போது காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அறுபது தாண்டியவர்கள் டைவ் செய்யலாமா?

வயதுக்கு மேல் வரம்பு இல்லை, உடம்புக்குத்தான் இருக்கிறது. டைவ் உலகம் முழுக்கப் புழங்குகிற மருத்துவக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. அதில் 45 வயது தாண்டியவர்களுக்குத் தனிப் பகுதி: புகைப் பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், குடும்பத்தில் இதய நோய். ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். நம் வீடுகளில் ஐம்பது தாண்டினால் எல்லோர் மாத்திரை டப்பாவிலும் ஒரு பி.பி. மாத்திரை இருக்கும். ஆகவே இந்தத் தாளைப் படகில் ஏறிய பிறகு பார்த்துக் குழப்பிக்கொள்ளாமல், ஊரிலிருக்கும்போதே இறக்கி நிரப்பி, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

பொய் சொல்லி 'இல்லை' போட்டுவிடலாம் என்று ஒரு சித்தப்பா எனக்கு யோசனை சொன்னார். அவரை அடுத்த பயணத்துக்குக் கூப்பிடவில்லை. ஆஸ்துமா, சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட், வலிப்பு: இவற்றில் எதையும் மறைக்கக் கூடாது. கர்ப்பிணிகள் டைவ் செய்யவே கூடாது.

கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு இதெல்லாம் எளிதுதானே?

பாதி உண்மை. இடுப்பில் கயிறு கட்டித் தோட்டத்துக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழகிய தலைமுறைக்குத் தண்ணீர் பயம் கிடையாது. அது பெரிய சொத்து. ஆனால் கிணற்று நீச்சல்காரர்கள் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் நீந்துவார்கள். ஸ்நார்கெலில், அதாவது வாயில் குழாயை வைத்துக்கொண்டு மேலே மிதந்தபடி பார்ப்பதில், முகம் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், மூச்சு வாயால் மட்டும். பெரியப்பா கிணற்றின் குறுக்கே ஒரே மூச்சில் முங்கிப் போகிறவர். மாஸ்க்கை மாட்டினதும் இரண்டே நிமிடத்தில் கழற்றி எறிந்தார்.

அம்மாவுக்கு நீச்சலே தெரியாது. அவருக்கு என்ன செய்தோம் தெரியுமா? கொல்லைப்புறத்தில் கல்யாண அண்டா ஒன்று கிடந்தது. அதில் தண்ணீர் நிரப்பி, முக்காலி போட்டு உட்காரவைத்து, மாஸ்க்கும் குழாயும் மாட்டி முகத்தை மட்டும் அண்டாவுக்குள் வைக்கச் சொன்னோம். முதல் நாள் பத்து நொடி. இரண்டு வாரத்தில் அண்டாவின் அடியில் நான் போட்ட ஐந்து நாணயங்களை எண்ணிச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார், குழாய்க்குள்ளிருந்தே "மூணு பூ பக்கம், ரெண்டு தலை" என்று உறுமிக்கொண்டு. கடலில் லைஃப் ஜாக்கெட் போட்டு, வளையத்தைப் பிடித்துக்கொண்டு, ஊழியர் ஒருவர் இழுத்துக்கொண்டு போக, அம்மா இருபது நிமிடம் மிதந்தார். ஆமை பார்த்தார். நான் பார்த்த ஆமையைவிடப் பெரியது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

டைவ் பழக விரும்புகிறவர்களுக்கு ஓப்பன் வாட்டர் பயிற்சியில் 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். நேரக்கணக்கு இல்லை, எந்தப் பாணியும் சரி. கிணற்று நீச்சலும் செல்லும்.

எந்த நாடு, எந்த மாதம்?

நமக்கு மாதத்தை முடிவு செய்வது கடல் இல்லை, பள்ளிக்கூடம். அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ஏப்ரல் விடுமுறைக்கு மாலத்தீவு சரி. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தின் கடைசி, கடல் பெரும்பாலும் அமைதி, தண்ணீர் தெளிவு. மே மாதம் காற்று மாறி மழை தொடங்கிவிடும். தண்ணீர் வருடம் முழுக்க 27 முதல் 30 டிகிரி. பிள்ளைகளும் பெரியவர்களும் நடுங்காமல் இருக்க இது பெரிய விஷயம். தெற்கு ஆரி பவளத்தீவுப் பக்கம் திமிங்கலச் சுறா வருடம் முழுக்க வரும், அதை மேலே மிதந்தே பார்க்கலாம்.

காலாண்டு விடுமுறை, அதாவது செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் என்றால் எனக்குப் பிடித்த யோசனை ஒன்று இருக்கிறது. மாலத்தீவிலேயே பா (Baa) என்ற பவளத்தீவில் ஹனிஃபாரு விரிகுடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை மான்டா திருக்கைகள் கூட்டமாக இரை தின்ன வரும். யுனெஸ்கோ 2011-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. அங்கே சிலிண்டரோடு இறங்கவே அனுமதி இல்லை, ஸ்நார்கெல் மட்டும்தான். ஐம்பது டைவ் போட்ட மருமகனும் லைஃப் ஜாக்கெட் போட்ட மாமியாரும் ஒரே காட்சியை ஒரே மட்டத்தில் பார்க்கிற இடம் வேறெங்கும் எனக்குத் தெரியாது. குறை என்னவென்றால், அந்த மாதங்களில் மழையும் காற்றும் உண்டு, படகு ஆடும்.

தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் அக்டோபர் நடுவிலிருந்து மே நடு வரை திறந்திருக்கும்; மற்ற மாதங்களில் தேசியப் பூங்கா மூடிவிடுவார்கள். மூன்று, நான்கு இரவுப் பயணம் கிடைக்கும் என்பதால் முதல் முறைக்கு நல்லது. எகிப்தின் செங்கடல் அழகுதான். ஆனால் பிரதர்ஸ், டேடலஸ் போன்ற நடுக்கடல் இடங்களுக்கு 50 டைவ் அனுபவம் கேட்பார்கள், அரையாண்டு விடுமுறையில் போனால் தண்ணீர் நமக்குக் குளிரும். இந்தோனேசியாவின் கொமோடோவில் நீரோட்டம் வேகம். பிள்ளைகளோடு வேண்டாம் என்பது என் கட்சி.

அந்தமான்? டைவ் பழகவும், கரையில் தங்கிப் பகல் படகில் போய்வரவும் அருமையான இடம். முதலில் அங்கேதான் போக வேண்டும்.

ஏஜென்டிடம் என்ன கேட்க வேண்டும்?

ஏணியைக் கேளுங்கள்.

சிரிக்காதீர்கள். எங்கள் முதல் பயணம் தாய்லாந்துப் பக்கம், நான்கு இரவு. 'ஃபேமிலி போட்' என்று ஏஜென்ட் சத்தியம் செய்தார். பளபளவென்று அறைப் படங்கள், தட்டில் அன்னாசி, தலையணையில் பூ. போய்ப் பார்த்தால் சாப்பாட்டுத் தளத்திலிருந்து அறைக்கு இறங்க, சுவரில் செங்குத்தாக அறைந்த எட்டுப் படி இரும்பு ஏணி. பெரியப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் வலது முழங்கால் மாற்று அறுவை செய்திருந்தார்கள். முதல் இரவு இரண்டு பேர் கீழே, ஒருவர் மேலே நின்று இறக்கினோம். நடுராத்திரி பாத்ரூம் போக அவர் யாரையும் எழுப்பவில்லை. விடிகிற வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது காலையில்தான் தெரிந்தது. மீதி மூன்று இரவும் மேல்தளத்துப் பெஞ்சிலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தார். "காத்து நல்லா வருது கண்ணு, எனக்கு இதுதான் வசதி" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார்.

அப்போதிலிருந்து படகு பார்க்கும்போது அறையைப் பார்ப்பதில்லை. அறையிலிருந்து கழிப்பறைக்கு, சாப்பாட்டு மேசைக்கு, தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து திரும்ப மேலே: இந்த நான்கு வழியையும் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அனுப்பாதவர்களை விட்டுவிடுகிறேன். கூட்டத்திலேயே முட்டி மோசமான ஆளுக்கும் உயரம் குறைந்த ஆளுக்கும் அந்த வழி சரிப்பட்டால் மற்றவர்களுக்குத் தானாகச் சரிப்படும்.

தண்ணீரில் இறங்கும் முறை நாட்டுக்கு நாடு மாறும். மாலத்தீவில் பெரும்பாலும் சிலிண்டர், அதில் காற்று நிரப்பும் கம்ப்ரஸர், சாமான் எல்லாம் தோணி என்ற தனிப் படகில் இருக்கும். தோணி அகலமானது, நின்றபடி அடியெடுத்து வைத்துக் குதிக்கலாம், கால் வைக்க நல்ல ஏணி இருக்கும். செங்கடலில் பல இடங்களில் ரப்பர் படகு. விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாக உருள வேண்டும், ஏறும்போது கைகளால் உந்தி எழ வேண்டும். நாற்பது வயதில் எனக்கே அது வேலைதான்.

அப்புறம் அறை. கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு, இன்ஜின் சத்தமும் டீசல் வாடையும் கூடுதல். மேல்தளத்தில் காற்று வரும், ஆட்டம் அதிகம். பெரியவர்களுக்குச் சாப்பாட்டு அறை இருக்கும் தளத்திலேயே ஓர் அறை கிடைத்தால் கூடக் கொஞ்சம் கொடுத்தாவது வாங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கான வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை), ஜாக்கெட், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) அளவை ஒரு மாதம் முன்னதாக அனுப்ப வேண்டும். "அங்கே எல்லாம் இருக்கும்" என்ற பதிலை நம்ப வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் மாஸ்க் கிடைக்குமா என்பதும் கேட்க வேண்டிய ஒன்று.

தீப்பிடித்த படகுகளைப் பற்றிச் செய்தியில் படித்தேன். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே கன்செப்ஷன் என்ற டைவ் படகு எரிந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். இரவு முழுக்க விழித்துச் சுற்றிவர வேண்டிய காவலாள் அன்று இல்லை. கீழ்த்தளத்துக்கு இரண்டு வழி இருந்தது. இரண்டும் மேலே ஒரே அறைக்குள் போய்த்தான் திறந்தன. அந்த அறைதான் எரிந்துகொண்டிருந்தது.

அதனால் மூன்று கேள்வி. ராத்திரி விழித்திருப்பது யார்? எங்கள் அறையிலிருந்து வெளியேறும் இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கிறது? கேமரா, டார்ச், பவர் பேங்க் எல்லாம் எங்கே சார்ஜ் ஏற்றுகிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு "எங்கே வேண்டுமானாலும்" என்று பதில் வந்தால் அந்தப் படகு வேண்டாம். ஏறிய முதல் மணி நேரத்திலேயே பிள்ளைகளையும் பெரியவர்களையும் அந்த இரண்டாவது வழியில் ஒருமுறை உண்மையாகவே ஏறி வரச் செய்யுங்கள். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே ஏறினார், ஏறிவிட்டார்.

முழுப் படகையும் எடுப்பதா, சீட்டாக எடுப்பதா?

பதினாறு பேருக்கு மேல் சேர்ந்தால் முழுப் படகு. வயது வரம்பு, சாப்பாட்டு நேரம், பாதை எல்லாவற்றிலும் நம் பேச்சு செல்லும். எங்களைப் போல ஒன்பது பேர் என்றால் சீட்டுதான், ஆனால் மீதிச் சீட்டில் வருகிறவர்கள் யார் என்று கேளுங்கள். நான்கு டைவும் போட்டே தீருவேன் என்று வருகிற கூட்டத்தோடு நம் பிள்ளைகளைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு.

வாந்தி வருமா?

ஏற்காடு பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, படகு கிளம்பும் முன்பே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கத்தை இழுத்துக்கொண்டு வரும். டைவ் செய்கிறவர்களுக்கு அது ஆகாது, டாக்டரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாம் நாள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். இஞ்சி மரப்பா இரண்டு பொட்டலம் எடுத்துப்போனோம், ஊழியர்களே பாதியைத் தீர்த்துவிட்டார்கள்.

சாப்பாடு?

சோறு, பருப்பு, மீன், முட்டை, பழம் எல்லாம் உண்டு. சைவம் என்றால் முன்கூட்டியே எழுதுங்கள், 'மீனும் கிடையாது' என்று தனியாக ஒரு வரி சேர்த்து. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு டப்பா தட்டுவடை போதும். தட்டுவடை செட்டுக்குத் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் படகுச் சமையற்காரரே கொடுத்தார். மூன்றாவது டைவ் முடிந்து உப்பு காய்ந்த உதட்டோடு அதைத் தின்ற ருசி தனி.

ஒரு எச்சரிக்கை: வழிபாட்டுச் சிலைகளை மாலத்தீவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. பெரியம்மாவின் கைப்பை பிள்ளையார் வீட்டிலேயே இருந்துகொண்டார்.

கொலுசு, மெட்டி போட்டுக்கொண்டு டைவ் செய்யலாமா?

கொலுசு ஊர்க்காரர்கள் கேட்கத்தானே செய்வார்கள். மெட்டி ஃபின்ஸுக்குள் உரசி இரண்டாம் நாளே புண்ணாகும், கொலுசு வெட்சூட்டைக் கழற்றும்போது மாட்டும். பளபளக்கும் நகை சில மீன்களைக் கிட்டே இழுக்கும் என்றும் டைவ் ஆட்கள் சொல்வார்கள். எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள்.

பணம் எவ்வளவு, எங்கெல்லாம் மறைந்திருக்கும்?

தொகை படகுக்குப் படகு மாறும், மறைகிற இடங்கள் மாறாது. சாமான் வாடகை, எரிபொருள் கூடுதல், பூங்காக் கட்டணம், ஊழியர்களுக்கு ரொக்கமாக இனாம். மாலத்தீவில் படகில் தங்குகிறவர்களுக்குப் பசுமை வரி 2025 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். ஒன்பது பேர், ஏழு நாள் என்று பெருக்கிப் பாருங்கள். இங்கே ஏஜென்ட் மூலம் கட்டினால் டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், வருமான வரித் தாக்கலில் அதைக் கணக்குக் காட்டலாம்.

காப்பீட்டைத் தனியாகப் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா சேராது, சேர்ந்தாலும் ஆழ வரம்பு இருக்கும். டைவில் வரும் அழுத்தக் கோளாறுக்கான அழுத்த அறைச் சிகிச்சையும், நடுக்கடலிலிருந்து அங்கே கொண்டுபோகும் செலவும் எழுத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். மாலத்தீவுக்குச் சுற்றுலா போகும் இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை, அதற்குக் கட்டணமும் இல்லை. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவு குடிவரவுத் துறையின் ஐமூகா இணையதளத்தில் ஆளுக்கொரு படிவம் நிரப்ப வேண்டும்.

படகிலேயே டைவ் கற்றுக்கொள்ளலாமா?

சில படகுகளில் முடியும். செய்யாதீர்கள். காது ஒத்துழைக்கவில்லை, பயம் வந்துவிட்டது என்றால் திரும்பிப்போக இடமில்லை. பாண்டிச்சேரியிலோ அந்தமானின் ஹேவ்லாக் தீவிலோ சான்றிதழ் வாங்கி, பத்துப் பதினைந்து டைவ் போட்டுவிட்டு ஏறுங்கள்.

தம்பி நூறு டைவ் போட்டவன். மாலத்தீவின் ஃபுவாமுலாவில் புலிச்சுறா பார்க்க வேண்டும் என்கிறான்.

அவன் தனியாகப் போகட்டும்.

திரும்பி வந்த கையோடு ஏற்காட்டில் இரண்டு நாள் ஓய்வெடுக்கலாமா?

இதை முழுசாகப் படியுங்கள். தண்ணீருக்கடியில் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் சுற்றியுள்ள அழுத்தம் குறைந்தால், கோலி சோடாவில் கோலியைத் தட்டியது போலக் குமிழ் கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கி கை கால் செயலிழப்பது வரை கொண்டுபோகக்கூடியது. அதனால்தான் டைவ் முடிந்ததும் விமானம் ஏறக் கூடாது. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவ் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம். படகுக்காரர்கள் 24 என்று வைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படியே. லிவ்அபோர்ட்டில் கடைசி நாள் டைவ் இல்லாமல் ஊர் சுற்றிக் காட்டுவது இதற்காகத்தான். கடைசி நாளும் டைவ் உண்டு, சாயங்காலம் விமானம் என்று ஒரு திட்டம் வந்தால் அந்த ஏஜென்டுக்கு டைவ் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

மாலத்தீவிலிருந்து இந்தக் கணக்கோடு பறந்து வந்தவர்கள் அன்றைக்கே ஏற்காடு போனால் தொந்தரவு இல்லை. ஆபத்து, பயிற்சிக்குப் பாண்டிச்சேரி போகிறவர்களுக்கு. காலையில் இரண்டு டைவ், மதியம் காரை எடுத்தால் உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சாயங்காலம் சேலம். இங்கே வந்துவிட்டோமே, அப்படியே மேலே போய் ஒரு காபி குடிக்கலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார். விமான நேரக் கணக்கு சுமார் 600 மீட்டருக்கு மேல் போகிற எல்லாவற்றுக்கும் பொருந்தும். மலையென்றும் விமானமென்றும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. ஏற்காடு 1,500 மீட்டர். கர்நாடகக் கடற்கரையில் முருதேஸ்வரில் டைவ் செய்துவிட்டுக் காரில் திரும்புகிறவர்களுக்கும் இதே கதை: மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறித்தான் வர வேண்டும், பெங்களூரே 900 மீட்டர். ஒரு ராத்திரி கடற்கரையிலேயே தூங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள். சேலம் வந்தவர்கள் அடிவாரத்திலேயே காபி குடிக்கலாம், அங்கேயும் நன்றாகத்தான் இருக்கும்.